யூரியா மூட்டை 266 ரூபாய். பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டின் கணக்கு என்ன?

காவிரி டெல்டாவில் ஓர் ஏக்கர் சம்பா நெல்லுக்கு எவ்வளவு உரம் வேண்டும்? மத்திய, நீண்டகால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150:50:50 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. ஏக்கருக்குப் பார்த்தால் 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து. உரக்கடைக் கணக்கில் இது யூரியா இரண்டரை மூட்டை, டிஏபி ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, பொட்டாஷ் முப்பத்துச் சொச்சம் கிலோ. 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு, 50 கிலோ டிஏபி 1,350, பொட்டாஷ் மூட்டை 1,500இலிருந்து 1,800 வரை. எல்லாம் கூட்டினால் 3,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இனி நெல் விலை. 2025 செப்டம்பர் முதல் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. அப்படியானால் 60 கிலோ மூட்டை ஒன்று 1,500 ரூபாய். ஆக, ஓர் ஏக்கருக்கான பரிந்துரை உரம் முழுவதும் சேர்ந்து இரண்டு மூட்டை நெல்லுக்குச் சமம்.

உரமூட்டையை விட்டு, எருவும் பசுந்தாளும் கொண்டு மண்ணை வளர்க்கும் முறைகளுக்கு மாறச் சொல்லும் யாரும் தொடங்க வேண்டிய இடம் இந்த இரண்டு மூட்டைதான். உரத்தை அடியோடு நிறுத்தி, மகசூல் ஏக்கருக்கு இரண்டு மூட்டைக்கு மேல் குறைந்தால், உரத்தில் மிச்சப்படுத்திய பணம் ஈடுகட்டாது. முப்பது மூட்டை எடுத்தவர் இருபத்தைந்து எடுத்தால் 7,500 ரூபாய் போச்சு. மிச்சம் பிடித்தது 3,000. பூச்சிமருந்து, களைக்கொல்லிச் செலவு குறைவதையும் சேர்த்தால் இடைவெளி கொஞ்சம் சுருங்கும். ஆனால் களைக்கொல்லியை விட்டால் கைக்களை எடுக்க ஆள்கூலி வரும். 'விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. விவசாயிக்கு விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது, அதுதான் விஷயம்.

யூரியா இவ்வளவு மலிவாக இருப்பது தற்செயல் அல்ல. 1992இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது யூரியா மட்டும் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியாவைத் தொடவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அதன் சில்லறை விலை ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அதே காலத்தில் மத்திய அரசின் நெல் ஆதரவு விலை, 2012-13இல் குவிண்டாலுக்கு 1,250 ரூபாயாக இருந்தது, 2025-26இல் 2,369 ஆகியிருக்கிறது. அதாவது நெல்லை வைத்து அளந்தால் யூரியா வருடா வருடம் இன்னும் மலிவாகிக்கொண்டே வருகிறது. உற்பத்திச் செலவுக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கட்டுகிறது. உலகச் சந்தையில் விலை ஏறிய 2022-23இல் நாட்டின் மொத்த உர மானியம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

யூரியாவில் ஒரு கிலோ தழைச்சத்து சுமார் 13 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு கிலோ நெல் 25 ரூபாய். அரைக்கிலோ நெல்லைக் கொடுத்தால் ஒரு கிலோ தழைச்சத்து. இந்த விலையில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு அரை மூட்டை வீசுவது முட்டாள்தனம் இல்லை, மலிவான காப்பீடு. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நாற்பது சதவீதம். மீதி காற்றிலும் நீரிலும் போகிறது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே வீசுகிறார்கள், ஏனென்றால் வீணாகிற பங்குக்கும் சேர்த்து விலை குறைவு.

அந்தக் கூடுதல் அரை மூட்டைக்கு விலை வேறு இடத்தில் வருகிறது. கரும்பச்சையாக, மெத்தென்று வளர்ந்த பயிரைத் தேடித்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும். குலைநோய்க்கும் அதே பயிர்தான் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதலில் சாய்வதும் அதுதான். சாய்ந்த பயிரை அறுவடை மெஷின் எடுக்க நேரம் கூடும், மணி வாடகை கூடும். இந்தச் செலவையெல்லாம் யாரும் யூரியா கணக்கில் எழுதுவதில்லை. மருந்துக் கணக்கிலும் மெஷின் கணக்கிலும் எழுதுகிறோம். அதனால்தான் யூரியா எப்போதும் மலிவாகவே தெரிகிறது.

சரி, எதிர்த்தரப்புக்கு வருவோம். டெல்டாவில் மண் வளர்ப்பு என்றாலே முதலில் வாயில் வரும் பெயர் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, கோடை மழை ஈரத்தில் ஒரு புழுதி உழவு போட்டு வீசிவிட்டால் தானாக வரும். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஆள் இடுப்புக்கு மேல் வளர்ந்து, பூ எட்டிப் பார்க்கும் நேரத்தில் மடக்கி உழ வேண்டும். அதற்கு முன்னால் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மிளகு அளவில் முண்டுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது, இல்லை தொடங்கவேயில்லை. பத்து நாள் தாமதித்தால் தண்டு நாராகிவிடும். ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டு டிரைவர் திட்டுவார், மண்ணில் மக்கவும் நாளாகும்.

நன்றாக வந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 35, 40 கிலோ தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அதை யூரியாவாக மாற்றினால் ஏறக்குறைய இரண்டு மூட்டை. கடை விலை 533 ரூபாய். விதை கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலே 2,000 ஆயிற்று, மடக்கி உழும் டிராக்டர் வாடகை தனி. 533 ரூபாய்ப் பொருளை 3,000 ரூபாய் செலவழித்து விளைவிப்பதா? பசுந்தாள் உரம் டெல்டாவில் குறைந்துபோனதற்குப் பெரிய காரணம் இந்த விலைப்பட்டியல்தான். நம் பாட்டன்மார் மண்ணின் மேல் பாசம் கொண்டவர்கள், நாம் கொள்ளாதவர்கள் என்பதெல்லாம் கதை. அவர்கள் காலத்தில் கொழுஞ்சிக்கும் புங்கந்தழைக்கும் போட்டியாக 266 ரூபாய் மூட்டை இல்லை, அவ்வளவுதான்.

1960இல் நாட்டில் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் 'பேக்கேஜ் புரோகிராம்' எனப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக. பிறகு ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடீ 27 நெல் ரகம் வந்து, குறுகிய காலப் பருவமான குறுவையில் ஒரு சுற்று அடித்தது. அந்தக் கட்டு இன்றும் பிரியவில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கினால் ஒரு பங்கு ரொக்கமாகவும் ஒரு பங்கு உரமாகவும் தருவது பழகிப்போன ஏற்பாடு. தனியார் கடையில் உரத்தைக் கடனுக்கும் எடுக்கலாம். அறுப்புக்குக் கொடுத்தால் போதும். சில கடைகளில் யூரியா கேட்டால் கூடவே நுண்ணூட்டப் பாக்கெட் ஒன்றையும் தலையில் கட்டுவார்கள், அது வேறு புலம்பல். தொழு உரத்துக்கும் ஆட்டுக்கிடைக்கும் அப்படிக் கடன் தருபவர் யார்? கையில் காசு இருந்தால்தான் கிடை.

கிடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். பகலில் தரிசில் மேய்ச்சல், இரவில் பேசிவைத்த வயலில் வலை கட்டி அடைப்பு. மறுநாள் பட்டியை அடுத்த பகுதிக்கு நகர்த்துவார்கள். புழுக்கையை விட மூத்திரம் முக்கியம். அதில் இருக்கும் தழைச்சத்து உடனே பயிருக்குக் கிடைக்கும் வடிவில் இருக்கிறது. 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்ற பழமொழி, மண்ணியல் பாடத்தில் ஒரு அத்தியாயமாக வரவேண்டிய விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. தொழு உரத்தில் இருக்கும் அரை சதவீதத் தழைச்சத்தில் முதல் போகத்துக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். ஏக்கருக்கு 5 டன் கொட்டினால் 25 கிலோ உள்ளே போகும்; அந்த வருஷம் பயிர் பார்ப்பது எட்டு, பத்து கிலோ. மீதியை மண் வைத்துக்கொண்டு மெதுவாகத் தரும். ஆனால் 5 டன் தொழு உரத்துக்கு மாடு எங்கே? உழவு டிராக்டருக்குப் போனதும் உழவு மாடும் போயிற்று. வைக்கோலையும் இப்போது மெஷின் உருட்டிக் கட்டு கட்டாக லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறது. வயலில் விளைந்த கரிமம் (கார்பன்) வயலுக்குத் திரும்பும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கின்றன. இதோடு, 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு, வெள்ளத்தோடு வந்து படிந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அடுத்து, நாட்காட்டி. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பம்புசெட் வைத்திருப்பவர் அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட்டிருப்பார். அவர் வயலில் தக்கைப்பூண்டுக்கு இடமில்லை. திருவாரூர், நாகைப் பக்கம் நெல்லுக்குப் பின் பருத்தி போட்டவர் வயல் ஆடி வரைக்கும் காலியாகாது. எஞ்சுவது ஒருபோகச் சம்பாக்காரர். அவருக்கு வைகாசி, ஆனியில் நாற்பத்தைந்து நாள் கிடைக்கும், கோடை மழை பெய்தால். பெய்தாலும், ஊரெல்லாம் ஆடுமாடு அவிழ்த்து விட்டிருக்கும் காலத்தில் ஒருவர் வயல் மட்டும் பச்சையாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பத்துப் பேர் சேர்ந்து விதைத்தால்தான் காப்பாற்ற முடியும். 2024-25இல் தமிழக அரசு தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் விதை தர 20 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஏக்கருக்கு 1,000 ரூபாய், அதாவது விதைச் செலவில் பாதி. நல்ல தொடக்கம்தான். ஆனால் விதை சித்திரைக் கடைசியில் கையில் இருந்தால்தான் அது பசுந்தாள் உரம். ஆனிக் கடைசியில் வந்தால் மாட்டுத் தீவனம்.

நாட்காட்டியை விடக் கனமான விஷயம் குத்தகை. பெரும்பாலும் வாய்மொழி ஏற்பாடு. வருஷத்துக்கு இத்தனை மூட்டை என்று பேச்சு. அடுத்த வருஷம் அதே வயல் கையில் இருக்குமா என்று தெரியாதவர், மூன்று வருஷம் கழித்துப் பலன் தரும் எருவை ஏன் கொட்ட வேண்டும்? மண் நன்றாக ஆகிவிட்டால் குத்தகை ஏறவும் கூடும். சாகுபடி செய்பவர் பெயரில் சிட்டா அடங்கல் இல்லாததால் மானிய விதையும் அவர் பெயருக்கு எளிதில் வராது. மண் வளர்ப்பு குறித்த விவாதங்களில் ரகங்களும் கரைசல்களும் வருகிற அளவுக்குக் குத்தகை வருவதில்லை. என்னைக் கேட்டால், பஞ்சகவ்யப் பயிற்சி முகாமை விட ஐந்து வருஷத்துக்கான எழுத்துபூர்வக் குத்தகை மண்ணுக்கு அதிகம் நன்மை செய்யும்.

கரைசல்கள் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். ஜீவாமிர்தத்தில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் வரை கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். இது ஓர் ஏக்கருக்கு. இதில் உள்ள தழைச்சத்து எல்லாவற்றையும் கூட்டினால் கால் கிலோ தேறினாலே அதிகம். ஏக்கருக்கு இரண்டு டன் நெல் விளைய பயிர் எடுக்கும் தழைச்சத்து 30, 40 கிலோ. நுண்ணுயிர்களைத் தூண்டும் என்றால் சரி. ஆனால் தூண்டப்பட்ட நுண்ணுயிர் எதை எடுத்துக் கொடுக்கும்? மண்ணில் முன்பே இருக்கும் மக்கிய பொருளை. அதை நிரப்புகிற தக்கைப்பூண்டோ, கிடையோ, நீரில் மிதந்து வளரும் அசோலாவோ, பயறோ இல்லாமல் கரைசல் மட்டும் ஊற்றுவது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். முதல் இரண்டு மூன்று வருஷம் நன்றாக வந்து பிறகு சரிந்தது என்று சொல்கிறவர்கள் கதையில் இந்தச் சேமிப்புக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

அப்படியானால் மண் வளர்ப்பு வீண் வேலையா? இல்லை, நீண்டகாலச் சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல், இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட்டில் 1843இலிருந்து நடக்கும் சோதனையின் வழியில் வந்தது. உலகிலேயே பழையவற்றில் ஒன்று. 1970இலிருந்து நாட்டின் பல மண்களில் நீண்டகால உரச் சோதனைகள் நடக்கின்றன. அவற்றின் முடிவு இரு கட்சிக்காரர்களுக்கும் பிடிக்காது. தழைச்சத்து மட்டும் தொடர்ந்து போட்ட பாத்திகளில் மகசூல் சரிந்தது. ராஞ்சி, பாலம்பூர் போன்ற அமில மண்களில் பயிரே ஏறக்குறைய நின்றுபோனது. மூன்று சத்தும் சரியான அளவில் போட்ட பாத்திகளில் மண்ணின் கரிமம் பொதுவாகக் குறையவில்லை, ஏனெனில் நன்றாக விளைந்த பயிர் வேரையும் தட்டையையும் அதிகம் விட்டுச் செல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, சமச்சீர் உரத்தோடு தொழு உரமும் சேர்த்த பாத்தி. 'ரசாயனம் மண்ணைக் கொன்றது' என்பதும் தவறு, 'மூட்டை இருக்க எரு எதற்கு' என்பதும் தவறு. கெடுத்தது ஒரே சத்தைக் கொட்டியது. அந்தப் பழக்கத்தை வளர்த்தது விலை: 4:2:1 என்று சொல்லப்படும் தழை, மணி, சாம்பல் விகிதம் 2022-23இல் அகில இந்திய அளவில் சுமார் 12:5:1 ஆக இருந்தது.

ஒரே இரவில் மாறுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கினார்கள். 2022இல் நெல் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மண் வளர்ப்பு தோற்றுப்போனது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மண்ணை வளர்க்காமலேயே உரத்தைப் பிடுங்கியதன் விளைவு அது. ஆந்திராவில் 2016இலிருந்து நடக்கும் இயற்கை வேளாண் திட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே மகளிர் சுயஉதவிக் குழுக்களும், ஊரிலேயே இருக்கும் அனுபவ விவசாயிகளும் கூடவே நிற்கிறார்கள். பருவமழைக்கு முன்பே பலவகை விதை தூவி மண்ணை மூடச் சொல்கிறார்கள். செய்முறைக் குறிப்பை விடப் பக்கத்து வயல்காரர் துணைதான் அங்கே பெரிய விஷயம்.

மண் வளர்ப்பு தெளிவாக ஜெயிக்கும் இடங்களும் உண்டு. உப்பு ஏறிய வயலில் யூரியா ஒன்றும் செய்யாது. 2004 சுனாமியில் கடல் நீர் புகுந்த நாகை வயல்களை மீட்டபோது, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவினார்கள், ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். அந்தப் பணியில் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரும் இருந்தார். உப்பையும் தேங்கிய நீரையும் தாங்கி வளரும் பயிர் என்பதால் கடைமடைக்குத் தக்கைப்பூண்டைப் போல வேறொன்று இல்லை. அங்கே அதன் மதிப்பை 533 ரூபாய் என்று போடுவது அபத்தம். அது இல்லாவிட்டால் அடுத்த பயிரே இல்லை.

மற்ற இடங்களில் கரிமம் கூடும் என்று ஆசை காட்டுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓர் ஏக்கர் வயலில் மேல் அரை அடி மண் ஏறத்தாழ 900 டன். கரிமம் 0.1 சதவீதம் உயர 0.9 டன் கரிமம் தங்க வேண்டும். ஏக்கருக்குப் பத்து டன் பசுந்தாளில் காய்ந்த எடை இரண்டு டன், அதில் கரிமம் 0.8 டன் சொச்சம். நம் வெயிலில் ஒரு வருஷத்துக்குப் பிறகு மிஞ்சுவது அதில் ஒரு சிறு பங்கு. மண் பரிசோதனை முடிவைச் சொல்லும் மண்வள அட்டையில் எண் மாற எட்டு, பத்து வருஷம் ஆகலாம். எனவே அடுத்த பரிசோதனையிலேயே மண்வள அட்டை மாறவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். பலன் முதலில் மண் இளகுவதிலும், கோரை குறைவதிலும், யூரியா ஒரு சுற்றுக் குறைவதிலும்தான் தெரியும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: பசுந்தாளை மடக்கி உழுது நீர் தேக்கி வைத்தால் மீத்தேன் அதிகம் வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது குறையும்.

முழு இயற்கைக்குப் போனவர்களின் கணக்கு வேறு மாதிரி. மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று போட்டு, மூட்டை குறைந்தாலும் அரிசியாக்கி நேரடியாக விற்று ஈடுகட்டுகிறார்கள். அதற்கு அரவை, வாடிக்கையாளர், வாட்ஸப் குழு, பொறுமை எல்லாம் வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால் இரண்டு வருஷ மாற்றக் காலமும் உண்டு. கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கும் மற்ற நெல்லுக்கும் ஒரே விலை, ஒரே 17 சதவீத ஈரப்பத விதி. நிலையத்தை நம்பி இருப்பவருக்கு அந்தப் பாதை திறப்பதில்லை.

அவருக்கு மிஞ்சுவது நடுவழி. ஏக்கரில் மூன்று மா என்றால் ஒரு மாவில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி, அங்கே அடியுரத்தில் தழைச்சத்தை விட்டுவிட்டு, மேலுரத்தை, இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை பார்த்துப் போடலாம். காலை வெயில் ஏறுமுன், உங்கள் நிழல் அட்டையில் விழும்படி நின்று, முழுதாக விரிந்த மேல் இலையை வைத்துப் பார்க்க வேண்டும். நட்ட பயிருக்கு நிறம் 4க்குக் கீழ் இறங்கினால்தான் யூரியா, வெள்ளைப் பொன்னிக்கு 3. மீதி இரண்டு மாவில் வழக்கம்போல. அறுப்பில் மூட்டையை எண்ணினால் உங்கள் மண்ணுக்கான விடை கிடைத்துவிடும், ஒரு சிக்கல் மட்டும் உண்டு: அறுவடை மெஷின் மூன்று மாவையும் ஒரே டேங்கில் கொட்டிவிடும். இறங்குவதற்கு முன்பே டிரைவரிடம் சொல்லி, அந்த ஒரு மாவைத் தனியாக இறக்கச் சொல்லிவிடுங்கள்.